சென்னிக்கு ஒரு மேக்ரோ லென்ஸ்

அக்டோபர் 9, புதன்

இன்றைக்கும் மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தாயிற்று. டாக்டர் உத்தரவு. நான்கு வருஷம் டயாலிசிஸில் கிடந்தவளிடம் 'நிறையத் தண்ணீர் குடி' என்று சொல்வதைப் போல இனிப்பான உத்தரவு உலகத்தில் கிடையாது. அப்போதெல்லாம் நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு பொழுதை ஓட்டுவேன். இப்போது சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கிறேன். என் வீட்டுக்காரர் மூர்த்தி வேலைக்குக் கிளம்பும்போது அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறார்.

கிட்னி என் தம்பி சென்னியப்பனுடையது. என்னைவிட ஆறு வயது சின்னவன். அம்மாவுக்குச் சர்க்கரை, இவருக்கு ரத்த வகை சேரவில்லை. "நான் தர்றேன்க்கா" என்று சென்னி சொன்னது, டீ வாங்கி வரட்டுமா என்று கேட்கிற குரலில் இருந்தது.

மூன்று மாதம் வெளியே போகக் கூடாது. ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் காரில் கோவை. வீட்டுக்குள் யாரும் வரக் கூடாது. மண், செடி, கூட்டம் எல்லாம் விலக்கு. மாத்திரையால் கை நடுங்குகிறது. இந்த எழுத்தைப் பின்னால் நானே படிக்க முடியுமா என்று தெரியவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

சென்னி வந்தான். முகக்கவசத்தோடு ஜன்னலுக்கு வெளியே நின்றான். வயிற்றில் பெல்ட் கட்டியிருக்கிறான். ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர் வேலை அவனுக்கு. அடுத்த மாதம்தான் திரும்பப் போகலாம். காலையில் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். நடக்கிறவன் பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போகிறானாம்.

எடுத்த படங்களை ஃபோனில் ஏற்றி, ஜன்னல் கம்பியோடு ஒட்டிக் காட்டினான். ஒரு கட்டெறும்பு. அதன் காலில் மயிர் இருக்கிறது. முப்பத்தேழு வயதில் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. இன்னொன்று, தும்பைப் பூவில் ஏதோ ஒரு குட்டி வண்டு, முதுகில் பச்சையும் செம்பும் கலந்த பளபளப்பு. பட்டுப்புடவை பார்டர் மாதிரி இருக்கிறது என்றேன். அவனுக்குச் சந்தோஷம்.

தை மாதம் அவனுக்குக் கல்யாணம் என்று பேசியிருந்தது. காங்கேயத்துப் பெண். அதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 16, புதன்

ரசம் நானே வைத்தேன். இவர் இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார்.

அக்டோபர் 20, ஞாயிறு

சென்னி எப்படிப் படம் எடுக்கிறான் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். கேமராவோடு வந்த சாதா லென்ஸைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி, கேமரா வாயில் வைத்து ஒரு கையால் அழுத்திப் பிடிக்கிறான். இன்னொரு கையால் பட்டன். அப்படி வைத்தால் சின்னது பெரிதாகத் தெரியுமாம். எங்கள் ஜன்னல் ஓரத்து எறும்பு வரிசைக்காகக் குனிந்தவன், பாதியில் "ஸ்" என்று விலாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். தையல் இழுக்கிறது. கேமராவுக்குள் தூசியும் போகிறதாம்.

இதற்கென்று லென்ஸ் கிடையாதா என்று கேட்டேன். இருக்கிறது, மேக்ரோ லென்ஸ் என்று பெயர், அதன் விலைக்கு ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கலாம் என்று சிரித்துவிட்டு மழை பற்றிப் பேச ஆரம்பித்தான்.

நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை. சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளக் கேட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

பகல் முழுவதும் வீடியோ பார்த்தேன். நூல் கம்பெனியில் பதினாலு வருஷம் கணக்கு எழுதியவளுக்கு இந்தப் பாடம் ஒன்றும் கஷ்டமாக இல்லை. பூச்சி எவ்வளவு பெரிதோ அதே அளவுக்கு கேமராவுக்குள் விழ வேண்டும். அதற்கு ஒன்றுக்கு ஒன்று என்று பெயர். அது இருந்தால்தான் நிஜ மேக்ரோ. லென்ஸ் மேல் 'மேக்ரோ' என்று அச்சடித்திருப்பதெல்லாம் மேக்ரோ இல்லை. துணிக்கடையில் 'பட்டு மாதிரி' என்பார்களே, அப்படி.

விலை குறைந்த வழிகளும் இருக்கின்றன. லென்ஸ் முன்னால் திருகுகிற பூதக்கண்ணாடி ஒன்று. ஓரமெல்லாம் கலங்கித் தெரிகிறது. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டுகிற வெற்று வளையங்கள் இன்னொன்று. அதில் கண்ணாடியே கிடையாது, மலிவு, படமும் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் பூச்சியின் மூக்கில் இடிக்கிற அளவு கிட்டே போக வேண்டும், குனிந்து நிமிர்ந்து மாட்டிக் கழற்ற வேண்டும். அது அவனுக்கு இப்போது ஆகாது.

நாற்பது எம்எம் மேக்ரோ லென்ஸும் அப்படித்தான், கிட்டே போக வேண்டும். தொண்ணூறு, நூறு என்றால் ஒரு சாண் தள்ளி நின்றே எடுக்கலாம். பூச்சி பறக்காது. விலாவும் இழுக்காது.

சாதம் அடிப்பிடித்துவிட்டது.

அக்டோபர் 24, வியாழன்

சென்னியிடம் கேமரா மாடல் நம்பரைக் கேட்க வேண்டியிருந்தது. எனக்கும் படம் எடுக்க ஆசை வந்திருக்கிறது, அதனால் கேட்கிறேன் என்று அளந்தேன். உடனே அவன் அரை மணி நேரம் வெயிலில் நின்று சொல்லிக்கொடுத்தான். லென்ஸின் துளை, வெளிச்சம், ஷட்டரின் வேகம், இவை மூன்றும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து இழுக்கின்றன என்று. கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை.

இனி தினமும் ஒரு சந்தேகம் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். பாதிக்கு விடை எனக்கே தெரியும். மாடல் நம்பரைக்கூட இன்னொரு தடவை எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

அக்டோபர் 28, திங்கள்

கம்பெனி முதலாளி போனஸ் அனுப்பியிருக்கிறார். வருஷத்தில் பாதி நாள் வேலைக்கே போகாதவளுக்கு போனஸ். ஃபோன் போட்டு எப்படிங்க இது என்றதற்கு, நீங்க எழுதி வெச்ச கணக்குலதாம்மா இந்த வருசமும் ஓடுது என்றார். நல்ல மனிதர். குடும்பத்தோடு நன்றாக இருக்க வேண்டும்.

பதினைந்தாயிரம். புது மேக்ரோ லென்ஸ் இதற்கு வராது. பழையது வரும்.

இவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். மருந்துச் செலவுக்கு நடுவில் இதுவா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நவம்பர் 2, சனி

தீபாவளி போனது. மத்தாப்புப் புகை ஆகாது என்று ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தோம்.

அம்மா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தவள், பேச்சு வாக்கில், காங்கேயத்துப் பெண்ணுக்குத் தாராபுரத்தில் நிச்சயம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆபரேஷன் முடிந்த இரண்டாவது வாரமே அவர்கள் ஆள் விட்டு, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒத்தைக் கிட்னியோட மாப்பிள்ளை நாளைக்கு ஓடியாடிச் சம்பாதிப்பாரா என்று பெண்ணின் மாமன் கேட்டாராம். என் காதுக்குப் போகக் கூடாது என்று சென்னி எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறான். இவரிடமும்.

நவம்பர் 3, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. பிபி கொஞ்சம் அதிகம்.

நவம்பர் 5, செவ்வாய்

பழைய லென்ஸ் வேண்டாம், புதிதாகவே வாங்கிவிடலாம், என் வளையலை அடகு வைத்தால் சரியாக வரும் என்று இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"கோகிலா, நீ மாப்பளைக்கு லென்ஸு வாங்கறியா, அபராதம் கட்டறியா?"

மோர் எடுத்து வரப் போனேன். வளையல் கையிலேயே இருக்கட்டும். பதினைந்தாயிரம்தான்.

நவம்பர் 9, சனி

கோவையில் பழைய கேமரா விற்கிற ரபீக் என்பவரின் நம்பர் கிடைத்தது. பேசினேன். எந்த கேமரா, எதைப் படம் எடுக்க, எவ்வளவு கையில் இருக்கிறது என்று மூன்றையும் கேட்டுக்கொண்டார். தொண்ணூறு எம்எம் ஒன்று இருக்கிறது, பழைய மாடல், உங்கள் கேமராவில் தானாக ஃபோகஸ் ஆகாது, கையால்தான் வளையத்தைத் திருக வேண்டும் என்றார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. மேக்ரோவில் எல்லோரும் கையால்தான் திருகுகிறார்கள். கேமராவை முன்னும் பின்னும் அசைத்துக் கூர்மை பிடிக்கிறார்கள். சென்னியும் இத்தனை நாள் அப்படித்தான் எடுக்கிறான்.

இவர் போய் வாங்க வேண்டும். இவருக்கு லென்ஸைப் பற்றி ஒன்றும் தெரியாது. டார்ச் அடித்து உள்ளே பார்க்கச் சொன்னேன். சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் பூஞ்சை, வாங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

மத்தியானம் ஃபோன் செய்தார். இழை ஓடுகிறதாம். ஓரத்தில்தான், படத்தில் தெரியாது, விலையைக் குறைத்துக்கொள்கிறேன் என்கிறாராம் ரபீக். இவர் சொன்ன பதிலை ரபீக்கே பிறகு என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்: "எங்க வீட்டுல செடித்தொட்டியே வெளிய போயிருச்சுங்க. பூஞ்சையை நான் பெட்டில போட்டுக் கொண்டுபோனா டாக்டர் என்னைய வெளிய அனுப்பிருவாரு."

நவம்பர் 16, சனி

கிடைத்துவிட்டது. அதே தொண்ணூறு எம்எம், வேறொருவர் ரபீக்கிடம் விற்றது. கல்யாண ஃபோட்டோகிராபராம், மோதிரம் மட்டுமே எடுத்திருக்கிறார். வெளியே இரண்டு கீறல், உள்ளே சுத்தம். ரபீக் சொன்ன விலை கொஞ்சம் கூடுதல். இவர் என்ன பேசினாரோ தெரியவில்லை, பதினைந்துக்கே முடித்துவிட்டு ஒரு துடைக்கும் துணியும் சேர்த்து வாங்கி வந்திருக்கிறார்.

துடைத்துச் சானிடைசர் போட்ட பிறகு என் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது. அதன் வழியாக என் உள்ளங்கை ரேகையைப் பார்த்தேன். கை நடுங்கியதில் ரேகையும் நடுங்கியது. இந்த வாரம் நடுக்கம் அதிகம்.

நவம்பர் 17, ஞாயிறு

சென்னி வந்ததும் இவர் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் ஜன்னலில் நின்றேன். திறந்தான். எடுத்தான். வளையத்தை மெதுவாகத் திருகினான். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரியும். அந்தக் கண்ணே போதும் எனக்கு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு அதை இறக்கினான்.

"எதுக்குக்கா இது?"

போனஸ் வந்தது, சும்மாதான் என்றேன்.

"காங்கேயத்து விசயம் உனக்குத் தெரிஞ்சுபோச்சு."

இவர் உள்ளே வந்துவிட்டார்.

"எனக்கும் வருத்தம்தான்க்கா. இல்லீன்னு சொல்லல. நாலு நாளு சோறு எறங்கல. ஆனா அது என்னோட வருத்தம். அதைக் கொண்டுபோயி உன்ற கணக்குல எழுதாத. அதுக்கு நீ இப்படி ஒண்ணு வாங்கிக் குடுத்தீன்னா, நான் குடுத்தது குடுத்ததா இருக்காது. வித்ததா ஆயிரும்."

சத்தம் போடவில்லை. லென்ஸை அதன் பைக்குள் போட்டு, பையைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனான். போகும்போதும் விலாவைப் பிடித்துக்கொண்டுதான் போனான்.

நவம்பர் 18, திங்கள்

பெட்டி ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. தண்ணீர் மூன்று லிட்டர்.

நவம்பர் 24, ஞாயிறு

சென்னி வரவில்லை. வாரம் முழுவதும் வரவில்லை. அம்மாவிடம் கேட்டால் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டான் என்கிறாள்.

கொசுவலையில் ஒரு பொறிவண்டு வந்து உட்கார்ந்திருந்தது. ஆரஞ்சு முதுகு, கறுப்புப் பொட்டு. வெகு நேரம் இருந்தது. ஒன்றிரண்டு தடவை தெருவைப் பார்த்தேன்.

நவம்பர் 27, புதன்

கிரியேட்டினின் ஏறியிருக்கிறது. ஒன்றேகாலுக்குள் இருக்க வேண்டியது இரண்டைத் தொடுகிறது. உடம்பு கிட்னியை ஏற்காமல் தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும், உடனே வந்து சேருங்கள் என்றார்கள். இவர் பையில் துணி எடுத்து வைக்கிறார்.

என்னுடையது என்றால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். இது அவனுடையது. கெடுத்துவிட்டேனோ. இதுவும் போய்விட்டால் அவன்

நவம்பர் 29, வெள்ளி. கோவை, ஆஸ்பத்திரி

பரிசோதனைக்காகக் கிட்னியில் ஊசி விட்டுச் சதை எடுத்திருக்கிறார்கள். அசையாமல் படுத்திருக்க வேண்டும். அடிவயிற்றில் வலப்பக்கம் கை வைத்தால் அவன் கொடுத்தது கொஞ்சம் மேடாகத் தட்டுப்படும். காலையிலிருந்து அங்கேயே கை வைத்துக்கொண்டிருக்கிறேன். முடிவு நாளைக்கு.

நவம்பர் 30, சனி. ஆஸ்பத்திரி

முதலில் நல்லதை எழுதிவிடுகிறேன். கிட்னி தள்ளப்படவில்லை. மாத்திரையின் அளவு ரத்தத்தில் கூடிவிட்டதாம். அதனால்தான் கிரியேட்டினின் ஏறியது, அதனால்தான் கை இவ்வளவு நடுங்கியது. அளவைக் குறைத்துவிட்டார்கள். டாக்டர் சொல்லி முடித்ததும் நான் கும்பிட்டேன். அவர் ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டே, தண்ணி குடிங்கம்மா என்றார்.

நேற்று மாலை நடந்ததை இப்போதுதான் எழுத முடிகிறது. கண்ணை மூடிக் கிடந்தேன். கதவில் பதித்த கண்ணாடியை யாரோ விரலால் தட்டினார்கள். சென்னி. காலையிலிருந்தே வெளியே உட்கார்ந்திருக்கிறான். இவர் என்னிடம் சொல்லவில்லை. உள்ளே வர அனுமதியில்லை. கேமராவைத் திருப்பி அதன் திரையைக் கண்ணாடியோடு ஒட்டிக் காட்டினான். ஒரு குட்டிச் சிலந்தி. முகத்தில் இரண்டு பெரிய கண், பக்கத்தில் இரண்டு சின்னக் கண், நான்கும் என்னையே பார்த்தன. கண்ணுக்கு மேலே புருவம் மாதிரி மயிர். அப்படி ஒரு கூர்மை அந்தத் திருப்பிப் பிடித்த லென்ஸில் ஒரு நாளும் வந்ததில்லை.

எனக்குப் புரிந்ததைப் பார்த்துவிட்டு ஃபோன் போட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.

"வெளிய உக்காந்து என்னதான் பண்றது, சொல்லு. கையும் ஓடல காலும் ஓடல. மாமா துணி எடுக்க வீட்டுக்குப் போனப்ப லென்ஸையும் எடுத்துட்டு வரச் சொன்னேன். மதில்ல இது உக்காந்திருந்துச்சு."

"நல்லாருக்குதா?"

"லென்ஸா? நல்லாருக்குது. இருட்டுனா கொஞ்சம் சிரமம்." கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். "அன்னைக்கு நான் பேசுனது தப்பில்லக்கா. ஆனா அப்படியே வெச்சுட்டுப் போனது தப்பு."

நான் அழுதேன். அசையக் கூடாது என்பதால் சத்தமில்லாமல் அழ வேண்டியிருந்தது. இவ்வளவு நாள் ஜன்னலில் நின்று அவனைக் கேள்வி கேட்டதெல்லாம் லென்ஸ் வாங்க மட்டுமில்லை, அவன் வந்து நிற்க வேண்டும் என்றுதான் என்று சொன்னேன். வெளியில் என்ன இருக்கிறது என்று எனக்குக் காட்ட அவனை விட்டால் ஆள் இல்லை என்றும் சொன்னேன். அது எனக்குத் தெரியாதா, மாடல் நம்பரை எவன் ரெண்டு தடவை எழுதி வாங்கிக்குவான் என்றான்.

டிசம்பர் 2, திங்கள்

வீடு. இவர் தரையெல்லாம் துடைத்து வைத்திருந்தார். இட்லி மட்டும் கல்லு மாதிரி இருந்தது. மூன்று சாப்பிட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஒன்று. கை நடுக்கம் பாதியாகிவிட்டது.

சென்னி வேலை முடிந்து தினமும் வருகிறான். படங்களை டிவியில் போட்டுப் பார்க்கிறோம். நாங்கள் உள்ளே, அவன் ஜன்னலுக்கு வெளியே. தேனீயின் நாக்கைப் பார்த்துவிட்டு இவர் சோற்றுத் தட்டை மறந்துவிட்டார். லென்ஸைக் குறையும் சொல்கிறான் சென்னி: திருகு வளையம் இறுக்கம், வெயில் நேராக விழுந்தால் படம் வெளுக்கிறது. அவன் குறை சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. தன்னுடைய பொருளைத்தானே ஒருத்தன் உரிமையோடு குறை சொல்வான்.

காங்கேயத்தைப் பற்றி ஒரு தடவை அவனாகவே பேசினான். அந்தப் பெண் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்ததாம், மன்னிக்கச் சொல்லி. நல்லா இருக்கட்டும் என்று பதில் போட்டானாம். போட்டுவிட்டு அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசவில்லையாம். நான் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 5, ஞாயிறு

இன்றைக்கு வெளியே போனேன்.

முகக்கவசம் போட்டு, ஆள் இல்லாத இடமாக, காலை நேரத்தில், அரை மணி நேரம் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் காரோடு ரோட்டிலேயே நின்றுகொண்டார். சென்னியும் நானும் வாய்க்கால் கரையில் நடந்தோம். மார்கழிப் பனி. மஞ்சள் விளைகிற காட்டில் இலையெல்லாம் பழுத்துச் சாய்ந்திருந்தது. முதல் பத்தடியிலேயே நின்றுவிட்டேன். காற்று முகத்தில் பட்டது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி அதை வாங்கிக்கொண்டேன்.

ஒரு புல் நுனியில் ஊசித்தட்டான் ஒன்று உறங்கிக்கொண்டிருந்தது. பனியில் நனைந்திருந்தால் வெயில் வரும் வரை அதனால் பறக்க முடியாதாம். சென்னி மூன்றுகால் ஸ்டாண்டைத் தாழ்த்தி வைத்து, மண்டி போட்டு உட்கார்ந்தான். எழுந்தபோது விலாவைப் பிடிக்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

"நீ எடு" என்றான்.

என் கை நடுங்குமே என்றேன். ஸ்டாண்டு இருக்கிறது, நீ பட்டனை மட்டும் அமுக்கு என்றான். செடியைத் தொடாமல் குனிந்து கண்ணை வைத்தேன். முதலில் எல்லாம் வெள்ளைப் புகை. அவன் பக்கத்திலிருந்து வளையத்தை மெல்லத் திருகினான். புகைக்குள்ளிருந்து ஒரு கண் வந்தது. உருண்டையாக, நீலப் பச்சையாக, அதன் மேல் பனித்துளிகள் வரிசையாக. ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு குட்டி வானம் தலைகீழாக இருந்தது. இதைப் பார்க்க நான் இருக்கிறேன். நான்கு வருஷம் அந்த மெஷின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இனி என்ன இருக்கிறது என்று நினைத்தவள் நான்.

எங்கள் வீட்டில் கூடப் பிறந்தவர்களுக்குள் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. சொன்னால் அந்நியமாகிவிடும். ஆபரேஷனுக்கு முன்னால் சொல்லவில்லை, பின்னால் சொல்லவில்லை, லென்ஸ் கொடுத்தபோதும் சொல்லவில்லை. இப்போது அவன் முகத்தைப் பார்க்காமல், கண்ணைக் கேமராவில் வைத்தபடியே சொன்னேன்.

"தேங்க்ஸ்டா சென்னி."

அவன் என் முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தான்.

"பேசாம அமுக்குக்கா. பேசுனா கை ஆடும்."

அமுக்கினேன்.